கலங்கல் மீட்டரில் ஒரு கட்டைவிரல்

குடித்துவிட்டுப் போனானாம்! அதுவும் காலை பத்து மணிக்கு, பட்டப்பகலில், ஒரு காலில் கறுப்புச் செருப்பும் மறு காலில் பழுப்புச் செருப்புமாக, தெருவின் அகலத்தையே அளந்துகொண்டு, விக்கிக்கொண்டே போனானாம். யார் பார்த்தது? எதிர்வீட்டுத் தையல்காரி பார்த்தாளாம். பார்த்தவள் பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவு பேச்சே வேண்டியதில்லை.

சரி, ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். செருப்பு மாறியிருந்தது உண்மை. அவன் ஆடி ஆடி நடந்ததும் உண்மை. அவன் விக்கியது நான்கு வீடு தள்ளி இஸ்திரி போடுகிறவருக்கே கேட்டது, அதுவும் உண்மை. ஆனால் அன்று அவன் வயிற்றுக்குள் போனது அரை டம்ளர் தேநீர். மீதி அரை டம்ளர் சட்டையில் போனது. வேறு எதுவும் இல்லை. அன்று மட்டுமில்லை, பிறந்து நாற்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் இல்லை. இதை யாரிடமும் ஒரு தடவை சொன்னால் போதும். தையல்காரியிடம் மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை சொல்வதை அவளுடைய மிஷின் சத்தம் தின்றுவிடும்.

அவனைத் தெருவில் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. பீர் ஆலைகளிலும் ஒயின் ஆலைகளிலும் ஆய்வகம் என்று ஓர் அறை இருக்கும். உள்ளே ஊறுகிற சரக்கு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற இடம் அது. நாக்கால் பார்க்கலாம்தான். ஆனால் நாக்கால் பார்த்தால் மூன்றாவது டம்ளரில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். அதனால் கருவி. இனிப்பு எவ்வளவு என்று பார்க்க ஒரு குழல். அதில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். கனம் பார்க்க ஒரு கண்ணாடி மிதவை. அது நீர்க்கோழி மாதிரி கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மிதக்கும், கழுத்தில் கோடு போட்டிருக்கும். புளிப்பு பார்க்க ஒரு மீட்டர். தெளிந்திருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு மீட்டர். இவற்றில் ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஊர் ஊராக, ஆலை ஆலையாக.

அந்த ஆலைகளில் குழாய் எங்கே பீய்ச்சும், எங்கே கசியும் என்று யாருக்குத் தெரியும்? சாயங்காலம் வீடு திரும்பும்போது சட்டை முழுக்க புளித்த வாடை அடிக்கும். வாடை சட்டையில் இருந்து வருகிறதா வாயில் இருந்து வருகிறதா என்று கிட்டே போய் மோந்து பார்க்கத் தையல்காரிக்கு நேரமில்லை. அவள் பாட்டுக்கு முடிவு செய்துவிட்டாள்.

போதாத குறைக்கு அந்தத் தேநீர் விவகாரம். அவனும் அவன் அக்காவும் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். அக்காவின் கணவர் காலமாகி ஏழெட்டு வருடம். அக்கா வீட்டிலேயே அட்டைப்பெட்டி மடித்துக் கொடுப்பவள். சுவரோரம் மடித்த பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. அந்தச் சந்தின் முடிவில் ஜன்னல். காலையில் அக்கா தேநீர் கொடுத்தால் அவன் அதைக் குடிக்க மாட்டான். முதலில் குழலில் ஒரு சொட்டு விடுவான். ஜன்னலுக்கு நேரே பிடிப்பான். ஒரு கண்ணை மூடுவான்.

"ஆறரை. நேத்து எட்டு இருந்துச்சுக்கா."

"வாய் எதுக்குடா உனக்கு இருக்கு? குடிச்சுப் பாத்துட்டு, இனிப்பு பத்தலன்னா பத்தலன்னு சொல்லு!"

"வாய நம்ப முடியாதுக்கா. அது முன்னாடி என்ன தின்னோம்னு பாத்து மாத்தி மாத்திப் பேசும்."

இதைத்தான் எதிர்வீட்டிலிருந்து அவள் பார்த்தாள். காலையில் எழுந்ததும் ஜன்னலில் நின்று குழாய் வைத்து உறிஞ்சுகிறான் என்று தெருமுனை வரை செய்தி போயிற்று.

ருசிக்கு வாயை நம்பாதவன், பேச்சுக்கு மட்டும் அதை அளவுக்கு மேல் நம்பினான். பொய் சொல்ல வராது. வராது என்றால் மனம் வராமல் அல்ல, வந்தாலும் விக்கல் முந்திக்கொள்ளும். மனசு பதறினால் அவனுக்கு விக்கல். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, யார் செய்தது என்று அப்பா கேட்டபோது, அவன் பதில் சொல்வதற்கு முன்பே விக்கல் பதில் சொல்லிவிட்டது.

வேலையிலும் அதே கதைதான். ஒவ்வொரு ஆலையிலும் வேலை முடித்ததும் அறிக்கை எழுத வேண்டும். குறை, காரணம், செய்தது, பரிந்துரை என்று நான்கு கட்டம். கீழே கார்பன் தாள் வைத்து மூன்று படி. ஆலைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, அவனுக்கு ரோஜா நிறத்தில் ஒன்று. ஒரு பீர் ஆலையில் நல்லா இருந்த மீட்டரின் மேல்மூடி கீறிப்போயிற்று. வேறு யாராக இருந்தாலும் பழைய கீறல் என்று விட்டிருப்பார்கள். இவன் எழுதினான்: "குறை: மூடியில் கீறல். காரணம்: என் திருப்புளி வழுக்கியது. பரிந்துரை: திருப்புளியைச் சரியாகப் பிடிக்க வேண்டும்."

பெண் கேட்டுப் போன இடத்திலும் இதே மாதிரிதான். அந்தப் பெண்ணின் மாமா, "குடி உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றான். அதோடு வாயை மூடியிருக்கலாம். "வேற குறை ஏதாச்சும்?" என்று அவர் பேச்சுக்குக் கேட்டதற்கு, இவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டான். குறட்டை. இடது முழங்கால் மழைக்கு வலிக்கும். பதற்றம் வந்தால் விக்கல். சொல்லி முடிக்கவும் விக்கவும் சரியாக இருந்தது. மாமா மூக்கைச் சுருக்கிக்கொண்டு சட்டையை மோந்து பார்த்தார். சம்பந்தம் அங்கேயே முடிந்தது. அந்த மாதிரி மூன்று சம்பந்தம் முடிந்த பிறகு அவன் அந்தப் பேச்சையே பெட்டியில் போட்டு மூடிவிட்டான்.

இந்த நிலைமையில்தான் அந்த ஒயின் ஆலை வந்தது. பேருந்தில் நான்கு மணி நேரம். ஆலையில் மற்றதெல்லாம் ஈரம், இரைச்சல், பாட்டில் மோதும் கிணுகிணுப்பு. ஆய்வகம் மட்டும் வெள்ளை ஓடு பதித்து, துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. அதற்குள் ஒருத்தி. ஆலையில் அவளுக்குப் பேர் வெள்ளைக்கோட்டு. வயது முப்பத்தெட்டு. அம்மா இல்லை. காது மந்தமான அப்பாவை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்துகிறவள். அவள் வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முன்பு இருந்தவர் புளிப்பு மீட்டரின் கண்ணாடிக் குச்சியைக் காயவிட்டுப் போயிருந்தார்.

"இது எப்பவும் ஈரத்துலயே இருக்கணும் மேடம். காஞ்சுட்டா என்ன கேட்டாலும் பதில் சொல்ல நேரமாகும்."

"என் அப்பா மாதிரி" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். அவன் ஓர் ஆலைக்குள் சிரித்தது அதுவே முதல் தடவை. கலங்கல் மீட்டரையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அதன் கண்ணாடிக் குப்பியை எடுக்கப் போனான். விரலளவு குப்பி அது. அதில் ஒயினை ஊற்றி மீட்டருக்குள் இறக்கினால், வெளிச்சம் அதற்குள் பாய்ந்து எவ்வளவு கலங்கல் என்று சொல்லும். குப்பியின் உடம்பில் தூசி பட்டாலும் கலங்கல் என்றுதான் அது சொல்லும். அவன் கையை நீட்டியதும் அவள் சொன்னாள்:

"சார், விரல் பாத்து. மூடியப் பிடிச்சு எடுங்க."

இருபது வருட அனுபவசாலிக்கு அவள் சொல்கிறாள்! அவன் மூடியைப் பிடித்து எடுத்தான். கோபம் வரவில்லை. என்னவோ வந்தது. என்னவென்று அவன் அப்போது அளந்து பார்க்கவில்லை.

கம்பெனிக்கும் அந்த ஆலைக்கும் ஒப்பந்தம் வருடத்துக்கு ஒரு தடவை. அடுத்த வருடம்தான் போக வேண்டியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, கூப்பிட்டுவிட்டார்கள். கலங்கல் மீட்டர் அளவு ஏகத்துக்கு ஏறுகிறதாம். அவன் ஓடினான். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நட்டநடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை. துணியால் துடைத்தான். மீட்டர் சமர்த்தாகச் சரியான அளவைச் சொன்னது. பிறகு ஒரு மணி நேரம், விரலில் எண்ணெய் எப்படிச் சுரக்கிறது, அது வெளிச்சத்தை எப்படிச் சிதறடிக்கிறது என்று விளக்கினான். அவள் முகவாயில் கை வைத்து, முதல் தடவை கேட்கிறவள் மாதிரி கேட்டாள். தன் சாப்பாட்டில் பாதியை அவனுக்கு வைத்தாள். அவன் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, எழுதினான்: "குறை: இல்லை. காரணம்: குப்பியில் விரல் ரேகை. செய்தது: துடைத்தேன். பரிந்துரை: பணியாளருக்குப் பயிற்சி தேவை."

அவள் படித்தாள். தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டாள். தோள் மட்டும் குலுங்கிற்று. பாவம், அழுகிறாள் என்று நினைத்தான் மடையன்.

அடுத்த மாதம் மிதவை. அளவு கூடக் காட்டுகிறதாம். நான்கு மணி நேரம் போய்ப் பார்த்தால், பொங்கிக்கொண்டிருக்கிற சாற்றை ஆறவிடாமல் மிதவையைப் போட்டிருக்கிறாள். நுரைக்குமிழி மிதவையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மேலே தூக்குகிறது. மிதவையை இரண்டு விரலால் சுண்டிச் சுற்றிவிட்டான், குமிழி பறந்தது, அளவு இறங்கியது. ஒரு மணி நேர விளக்கம். பாதிச் சாப்பாடு. "பரிந்துரை: பணியாளருக்குப் பயிற்சி தேவை."

அதற்கடுத்த மாதம் மறுபடி கலங்கல் மீட்டர். மறுபடி ரேகை. மறுபடி துடைத்தான், மறுபடி எழுதினான்.

அந்த மூன்று மாதமும் வீட்டில் அவன் இருந்த இருப்பை அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சட்டைக்கு இஸ்திரி. குளிக்கும்போது பாட்டு, அதுவும் சுருதி இல்லாத பாட்டு. தேநீரை அளக்காமலே ஒரு நாள் குடித்துவிட்டான். அன்று அக்கா வேண்டுமென்றே சர்க்கரையே போடாமல் கொடுத்துப் பார்த்திருந்தாள். "அருமைக்கா" என்றான்.

அக்கா மடித்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா, அந்த ஒயின் ஆலைப் பொண்ணு அவ்ளோ மக்கா?"

"யாரச் சொல்ற? அவங்களையா? அவங்க கை மாதிரி சுத்தம் எங்கயும் கிடையாதுக்கா!"

"சுத்தமான கைதான் குப்பியில ரேகை வைக்குதா?"

"அது... ஏதோ அவசரத்துல..."

"ரேகை எங்க இருந்துச்சு?"

"நடுவுல."

"ரெண்டாவது ரேகை?"

"அதுவும் நடுவுல. அதே இடத்துல. வெளிச்சம் பாயுற இடத்துல சரியா." அவன் ரோஜா நிறப் படிகளை எடுத்துப் பெட்டிகளின் மேல் பரப்பினான். "முழுக் கட்டைவிரல்க்கா. இழுப்பு இல்ல, கலைசல் இல்ல. முத்திரை குத்துன மாதிரி."

"குப்பிய எப்படிடா பிடிப்பாங்க?"

"மூடியப் பிடிச்சுத்தான். உடம்பத் தொடவே கூடாது. அவங்கதான் எனக்கே சொன்னாங்க, 'சார், விரல் பாத்து'ன்னு..."

அங்கே நின்றுவிட்டது பேச்சு. வாய் திறந்தபடி இருந்தது. அக்கா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு வேகிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பாளே, அந்த மாதிரி.

வெந்தது. அவன் எழுந்தான், உட்கார்ந்தான், எழுந்தான், சுவர் என்று நினைத்து அட்டைப்பெட்டிகளின் மேல் சாய்ந்தான். கூரை வரை அடுக்கியிருந்தது அப்படியே அவன் தலையில் சரிந்தது. பெட்டிக் குவியலுக்குள் இருந்து முதல் விக்கல் கேட்டது.

"அக்கா! வேணும்னே வச்சிருக்காங்கக்கா!"

"இப்பத்தான் தெரியுதா, என் புத்திசாலித் தம்பி!"

அந்த மகிழ்ச்சிக்கு ஆயுசு இருபது நிமிடம். அவன் இன்னும் பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே கம்பெனியில் இருந்து தொலைபேசி வந்தது. ஒயின் ஆலை மேலாளர் மூன்று அறிக்கைகளையும் வரிசையாக வைத்துப் படித்திருக்கிறார். மூன்றிலும் ஒரே பரிந்துரை. ஆய்வகத்தில் பயிற்சி இல்லாத ஆள் இருக்கிறாள் என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். அவளைப் பாட்டில் கழுவுகிற பக்கம் மாற்றப்போகிறார். அவள் அளந்து சரி என்று சொல்லி வெளியே போன மூன்று மாத ஒயினையும் கடைகளில் இருந்து திரும்ப எடுக்கலாமா என்று யோசிக்கிறார். வெள்ளிக்கிழமை இவன் போய் எல்லாக் கருவிகளையும் சோதித்து, நான்காவது அறிக்கை எழுத வேண்டும். அதை வைத்துத்தான் முடிவு.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "நான் எழுதுன ஒவ்வொரு வார்த்தையும் உண்மைக்கா. அந்த உண்மைதான் அவங்க வேலைய வாங்கப்போகுது."

"மிஷின்தான் கெட்டுப்போச்சுன்னு எழுதிடேன்."

"கெடலியேக்கா."

"நீயே ஒரு ஸ்க்ரூவக் கழட்டிட்டு அப்புறம் எழுது!"

"அப்ப, 'காரணம்: நான் கழட்டினேன்'னு எழுதணுமே."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள், தன் தலையில் ஒன்று, அவன் தலையில் ஒன்று.

வெள்ளிக்கிழமை பேருந்தில் நான்கு மணி நேரமும் விக்கல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முதல் நிறுத்தத்திலேயே இடம் மாறினார். இவன் ஜன்னலோரம் வெறித்துக்கொண்டு, வேண்டுமென்றே வைத்தாள் என்று நினைக்கும்போதெல்லாம் சிரித்தான், பாட்டில் கழுவும் பக்கம் என்று நினைக்கும்போதெல்லாம் முகம் செத்துப்போனான். நடத்துநர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆய்வகத்தில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். எதைச் சொல்வதற்கு முன்பும் தொண்டையைச் செருமுகிறவர் அவர். செருமலின் நீளத்தை வைத்தே சங்கதி எவ்வளவு பெரிசு என்று ஆலையில் சொல்லிவிடுவார்களாம். வெள்ளைக்கோட்டு ஓரமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் பக்கம் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பார்க்காமல் இருப்பது அந்த அறை முழுக்கத் தெரிந்தது.

அவன் ஒவ்வொரு கருவியாகச் சோதித்தான். எல்லாம் கச்சிதம். பிறகு அவளுடைய பதிவேட்டைப் பிரித்தான். தினமும் காலை ஒன்பது மணிக்கு, ஒயினை அளப்பதற்கு முன், கலங்கல் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு மூடி முத்திரையிட்ட குப்பியை மீட்டரில் வைத்துப் பார்த்து, மீட்டர் ஒழுங்காகப் பேசுகிறதா என்று அவள் குறித்திருந்தாள். மிதவைக்கும் அதே மாதிரி, காய்ச்சி வடித்த தண்ணீரில். மூன்று மாதத்தில் ஒரு நாள் விடவில்லை. அவனைக் கூப்பிட்ட அந்த மூன்று நாட்களும்கூட, ஒன்பது மணிக்கு "சரி" என்று எழுதியிருந்தது. அன்றைய ஒயின் அளவுகள் எல்லாம் பத்து மணிக்குள் முடிந்திருந்தன. அவனுக்குத் தொலைபேசி போனது பதினொன்றரைக்கு.

வேலையை முடித்துவிட்டுத்தான் விரலை வைத்திருக்கிறாள்! ஒரு சொட்டு ஒயினுக்குக்கூடத் தப்பான அளவு போகவில்லை. அவனுக்கு அந்தப் பதிவேட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆட வேண்டும் போல இருந்தது.

மேலாளர் செருமினார். நீளமான செருமல்.

"சொல்லுங்க. இந்த மூணு மாசத்து அளவ நம்பலாமா, கூடாதா?"

"தாராளமா நம்பலாம் சார்."

"அப்ப மிஷின்?"

"மிஷினும் நல்லா இருக்கு சார்."

"இவங்க?"

"இவங்கள மாதிரி கை நான் எந்த ஆலையிலயும் பாத்ததில்ல சார்."

"மிஷின் நல்லா இருக்கு. ஆளும் நல்லா இருக்காங்க. அப்ப நீங்க எதுக்குய்யா மூணு தடவ வந்தீங்க?"

அவன் வாயைத் திறந்தான். வந்தது விக்கல். மறுபடி திறந்தான். மறுபடி விக்கல். உண்மையைச் சொன்னால் அவள் மாட்டுவாள். பொய் சொல்லத் தொண்டை விடாது. மேலாளர் முன்னால் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்னய்யா, போட்டுட்டு வந்திருக்கீங்களா?"

அவ்வளவுதான், வெள்ளைக்கோட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அவர் தொடவே மாட்டார் சார். நான்தான் கூப்பிட்டேன். வேணும்னேதான் கூப்பிட்டேன்."

"வேணும்னேயா?"

"குப்பியில நான்தான் கட்டைவிரல வச்சேன். மிதவையக் குமிழியோட போட்டதும் நான்தான். எல்லா அளவும் எழுதி முடிச்ச பிறகுதான் சார், பதிவேட்டப் பாருங்க."

"ஏம்மா, எதுக்கும்மா?"

அவள் முகம் திராட்சைத் தோல் நிறத்துக்குப் போயிற்று. ஆனால் குரல் இறங்கவில்லை.

"நீங்க வருஷத்துக்கு ஒரு தடவன்னு ஒப்பந்தம் போட்டிருக்கீங்க சார். அது பத்தல."

மேலாளர் செரும ஆரம்பித்தார். அந்தச் செருமல் பாட்டில் கழுவும் பக்கம் வரைக்கும் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். அவளைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். பதிவேட்டைப் பிரித்து, அந்த மூன்று நாட்களையும் விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்தபோது அவர் முகத்தில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. ஒயினைத் திரும்ப எடுக்க வேண்டாம் அல்லவா? பாரம் இறங்கிய மனிதர் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது. இருந்தாலும் இருந்து பார்த்தார்.

"இது ஆலையா, கல்யாண ஆபீஸா? இனிமே இந்த ரூமுக்குள்ள எல்லாரும் கையுறை போடணும். ரேகைன்னு ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சு, அப்புறம் நடக்கறதே வேற! யோவ், அறிக்கைய எழுதி வையி. மாத்தலெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனவர், கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு சின்னச் செருமல் செருமினார். சிரிப்பை மறைத்தது அது.

அறையில் இரண்டு பேர். வெளியே பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்துக்கொண்டு போயின.

"நீங்க நேராவே சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொன்னேனே சார். மூணு தடவ சொன்னேன். நீங்க ஒவ்வொரு தடவையும் துடைச்சுட்டுப் போயிட்டீங்க."

அவன் உட்கார்ந்தான். அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தான். கார்பன் தாளைத் தலைகீழாக வைத்து, எடுத்து, நேராக வைத்தான். எழுதினான்: "குறை: கருவியிலும் இல்லை, இயக்குபவரிடமும் இல்லை. காரணம்: சேவைக்கு வந்தவருக்குக் கண் முன்னால் இருந்ததைப் படிக்கத் தெரியவில்லை. செய்தது: முந்தைய மூன்று பரிந்துரைகளையும் திரும்பப் பெறுகிறேன். பரிந்துரை: சேவைப் பணியாளருக்குப் பயிற்சி தேவை."

எழுதினதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. விக்கல் நின்றிருந்தது.

அவள் படித்தாள். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. கையெழுத்துப் போட்டு, பக்கத்திலேயே, மூன்று படியிலும் பதிகிற மாதிரி அழுத்தி எழுதினாள்: "பயிற்சி நானே தருகிறேன்."

அவன் படித்துவிட்டு, கொஞ்சமாவது கொண்டாட வேண்டாமா? விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தான்.

"எனக்குக் குறட்டை உண்டு மேடம்."

"அப்பாவுக்குக் காது கேக்காது. நான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்."

"இடது முழங்கால், மழை வந்தா..."

"இங்க மழை கம்மி."

"அப்புறம் இந்த... விக்..."

"கேட்டேன்" என்றாள். "பழைய மிஷின். அடிக்கடி பாத்துக்கணும், அவ்ளோதான்."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அவளால் அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது. அதனால் இவன் கம்பெனியில் கேட்டு, அந்தப் பக்கத்து ஆலைகளைத் தன் பொறுப்பில் மாற்றி வாங்கிக்கொண்டான். பெண் வீட்டோடு போகிறான் என்று தையல்காரி அதற்கும் ஒரு நூல் கோத்தாள். கோக்கட்டும். அவன் வியாழக்கிழமை முன்னால் போய்ச் சேர்வது, கைவசம் இருக்கிற பெட்டிகளை மடித்துக் கொடுத்துவிட்டு அக்கா ஞாயிற்றுக்கிழமை போவது, திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து என்று ஏற்பாடு.

அந்த வியாழக்கிழமைதான் தையல்காரி பார்த்தது. பத்தரை மணிக்குப் பேருந்து. அவன் விடிந்ததில் இருந்து ஒரு இடத்தில் நிற்கவில்லை. தேநீரைக் குழலில் விடுவதற்குப் பதில் சட்டைப் பையில் விட்டான். சட்டையை மாற்றிவிட்டுப் பழைய சட்டையை அதன்மேல் போட்டான். முதல் தடவை வாசல் வரை போய்க் கருவிப் பெட்டியை மறந்துவிட்டுத் திரும்பினான். இரண்டாம் தடவை பெட்டியை எடுத்துக்கொண்டு துணிப்பையை மறந்தான். மூன்றாம் தடவை எல்லாம் இருந்தது. செருப்பு மட்டும் காலுக்கொரு நிறம். அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. சொன்னால் நான்காம் தடவை திரும்புவான், பேருந்து போய்விடும்.

கனமான கருவிப் பெட்டி ஒரு கையில், லேசான பை ஒரு கையில். செருப்பில் ஒன்று தேய்ந்தது, ஒன்று புதுசு. பெட்டிக்குள் மிதவைகள் உடையக்கூடாதென்று பள்ளத்துக்குப் பள்ளம் விலகி விலகி நடக்கிறான். உள்ளே சந்தோஷம் நுரைத்துக்கொண்டு நிற்கிறது. நேராக நடக்கச் சொன்னால் எப்படி நடப்பான்?

எதிர்வீட்டு மிஷின் நின்றது. "என்ன மீட்டர், காலங்காத்தாலேயேவா?" என்றது குரல்.

அவன் தெரு நடுவில் நின்றான். திரும்பினான். அந்த முகத்தைப் பார்த்த யாரும் அதைக் குடித்த முகம் என்று சொல்ல மாட்டார்கள். குடித்தவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"ஒரு சொட்டு கூட இல்லக்கா!" என்றான் அவளிடம். "வேணும்னா... விக்... அளந்து பாருங்க!"

பிறகு தன் அக்காவைப் பார்த்துக் கத்தினான். "அக்கா! ஏதாச்சும் பழுதாச்சுன்னா கூப்பிடு, உடனே வந்துருவேன்!"

அக்கா நிலைப்படியில் நின்றாள். ஒரு கையில் பாதி மடித்த பெட்டி. மறு கையைத் தலைக்கு மேலே தூக்கி, அதன் கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தித் தெருவுக்கே தெரிகிற மாதிரி காட்டினாள்.

"நாளைக்கே பழுதாக்குறேன்டா!"